கவியும் உறுதியும்: கல்முனைக் கரையோரப் பாடல்கள் சட்டத்தின் முன்

பாடலைச் சட்டப் பத்திரமாகக் கொண்டு, பாடியவரை வாதியாகவும் பாடப்பட்டவரைப் பிரதிவாதியாகவும் நிறுத்தி நகைப்பது புதியதொரு பொழுதுபோக்கன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் பாரிசு உயர்மன்றில் வழக்குத் தொழில் செய்த மார்சியல் தொவேர்ஞ் என்பவர், காதலர் தம்முள் தொடுக்கும் வழக்குகளுக்குக் காதல் நீதிமன்று அளித்த தீர்ப்புகள் எனக் கற்பித்து ஒரு நூல் எழுதினார். 1533இல் பெனுவா தெ கூர் என்னும் சட்ட அறிஞர் அந்நூலுக்கு இலத்தீனில் விரிவான உரை வகுத்தார். உரோமச் சட்ட நூல்களிலிருந்து மேற்கோள்களைக் குவித்து, காதலரின் ஊடலுக்கு அவர் விளக்கம் கூறுகிறார். விளையாட்டு எங்கே முடிகிறது, புலமை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாமையே அந்த உரையின் சுவை.

தமிழில் இத்தகைய நகைச்சுவைக்குப் பிரான்சு வரை செல்ல வேண்டியதில்லை. பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணம், பக்தி இலக்கியமாக மட்டும் படிக்கப்படுவதால் அதன் நீதிமன்றக் காட்சி உரிய கவனத்தைப் பெறுவதில்லை. மணப்பந்தலில் வந்து நிற்கும் முதியவர் ஆளோலை காட்டுகிறார். மணமகன் அதனைப் பறித்துக் கிழிக்கிறான். கிழிந்தது படியோலையே, மூலவோலை வேறு உண்டு என்று கிழவர் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் அதனை எடுத்து நீட்டுகிறார். பாட்டனின் கையெழுத்து வேறோர் ஓலையோடு ஒப்பிடப்பட்டுத் தீர்ப்பு வழங்கப்படுகின்றது. மூல ஆவணம், பிரதி, கையெழுத்து ஒப்பீடு, நடுவர் அவை என ஒரு சிவில் வழக்கின் அங்கங்கள் யாவும் அங்குண்டு. சோழர் காலச் சமூகத்தில் எழுத்தாவணம் மனிதனையே உடைமையாக்க வல்லதாயிருந்தது என்ற செய்தியும் அந்நகைப்பின் கீழே கிடக்கிறது. பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டில், மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826-1889) மேல்மன்றத் தீர்ப்புகளைச் சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் 1862இல் தமிழாக்கினார். கீர்த்தனைகள் எழுதியதும் அதே கை. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழ் இல்லாத விந்தையைத் தம் நாவலில் எள்ளியதும் அதே கையே.

மேற்கூறிய மூவரும் சட்டத்தின் பக்கத்தில் நின்றோ, குறைந்தபட்சம் சட்டத்தின் மொழியை ஏற்றுக்கொண்டோ நகைப்பவர்கள். ஓலை இருந்தால் வழக்கு வெல்லும், இல்லையேல் தோற்கும். ஓலையே இல்லாத மக்களின் பாடல்களை இவ்வாறு விசாரணைக்கு எடுத்தால் என்ன நிகழும் என்பதே இக்கட்டுரையின் வினா. இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையைச் சார்ந்த முஸ்லிம் ஊர்களின் கவிகளை இதற்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் இலகுவான வழக்குகளைத் தள்ளிவிடலாம். 1970களில் இலங்கையில் செழித்த தமிழ்ப் பொப்பிசை, சட்ட வாசிப்புக்கென்றே ஆக்கப்பட்டது போன்றது. ஏ.ஈ. மனோகரன் பாடிப் பரப்பி, 1977இல் தமிழகத் திரைப்படமொன்றிலும் புகுந்த சுராங்கனிப் பாடலின் பொருண்மை எளிது: சுராங்கனிக்கு மீன் கொண்டுவரப்படுகிறது. நமது நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோமன்-டச்சுச் சட்டத்தின்படி நன்கொடை நிறைவேறுவதற்குப் பெறுபவரின் ஏற்பு வேண்டும். சுராங்கனி மீனை ஏற்றாளா என்பதற்குப் பாடலில் சான்றில்லை. ஏற்குமுன் மீன் பழுதுபட்டால் நட்டம் கொண்டுவந்தவனையே சாரும். கூட்டத்தார் அனைவரும் சேர்ந்து பாடுவதால் நன்கொடையாளர் எத்தனை பேர் என்பதும் தெளிவில்லை. நித்தி கனகரத்தினம் பாடிப் புகழ்பெற்ற இன்னொரு பாடல், மாமியை விளித்து அவள் மகள் எங்கே என்று வினவுகிறது. இங்கே விண்ணப்பம் தவறான தரப்புக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று கூறி எந்த எழுதுவினைஞரும் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் அவ்வாறு செய்வது ஏன் என்பதைச் சற்றுப் பின்னர் பார்ப்போம்; மாமி எளிதில் விட்டுவிடத்தக்கவள் அல்லள்.

மீன் அசையும் ஆதனம். கையில் கொடுத்தால் முடிந்தது. கல்முனைக் கரையோரக் கவிகள் சுற்றிச் சுற்றி வருவதோ அசையாத ஒன்றை: வீட்டை. நகைச்சுவை கடினமாவது இங்கேதான்.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று, இடையிடையே காரைதீவு போன்ற தமிழூர்களோடு, தெற்கு நோக்கித் தொடரும் இந்தக் கரையோரம் 1961வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதி. அதன்பின் அம்பாறை மாவட்டம். கிழக்கே கடல்; மேற்கே வயல். இரண்டுக்கும் நடுவே மணற்பாங்கான ஒடுங்கிய குடியிருப்பு. கரைவலை, கைத்தறி, வேளாண்மை என்பன தொழில்கள். வயற்காணி கொண்ட போடிமாரும், அவர்களிடம் கூலிக்கும் பங்குக்கும் உழைத்தவர்களும் ஒரே பள்ளிவாசலில் தொழுதவர்கள், ஒரே குடிமுறைக்குள் அடங்கியவர்கள். தாய்வழியாக எண்ணப்படும் இக்குடிகள் முஸ்லிம்களிடையும் தமிழரிடையும் ஒருங்கே காணப்படுவது இப்பிரதேசத்தின் தனித்தன்மை. பள்ளிவாசல் மரைக்கார் பதவிகளும் குடிவழியே பகிரப்பட்டு வந்தன.

இம்மக்கள் கவி என்று வழங்குவது நான்கு அடிகளில் அமையும் சிறு பாடலை. வயலில் காவலிருக்கும் மச்சானுக்கும் வளவுக்குள் இருக்கும் மச்சிக்கும் இடையே தூதாகவும், மறுமொழியாகவும், ஏசலாகவும், சாபமாகவும் அது இயங்கும். 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்ற வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், கற்றோர் கவனத்தை இக்கவிகளின்பால் திருப்பியவர்களுள் முக்கியமானவர். வி.சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் (1964) பிரதேசத்தின் நாட்டுப் பாடல்களைப் பண்பாட்டு வரலாற்றுச் சட்டகத்துள் வைத்தது. பின்னர் முஸ்லிம் கிராமங்களின் பாடல்களையும் பழமொழிகளையும் பெருந்தொகையாகச் சேர்த்து நூல்களாக்கியவர் நிந்தவூர் எஸ். முத்துமீரான். அவர் தொழிலால் சட்டத்தரணி. பகலில் உறுதிகளையும் வழக்கேடுகளையும் புரட்டிய கண், ஓய்வில் கவிகளைத் தேடியது நமது பொருளுக்கு மிகவும் பொருந்துவதொரு தற்செயல்.

இனி வழக்குகளை அழைக்கலாம். கவிகளில் அடிக்கடி நிகழும் குற்றம் வேலி கடத்தல். தென்னோலை வேலியின் பொட்டு, குரைக்கும் நாய், உறங்காத உம்மா, நிலவு காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சம் ஆகியவை இவ்வகைப் பாடல்களின் வழக்கமான சரக்குகள். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, பிறர் வசமுள்ள ஆதனத்துள், குற்றம் புரியவோ, வசம் வைத்திருப்பவரை அச்சுறுத்தவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ எண்ணி நுழைவதைக் குற்றமுறை அத்துமீறல் என்கிறது. காதலனின் எண்ணம் தொல்லைப்படுத்துவதன்று என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். ஆனால் யாரைத் தொல்லைப்படுத்தாமை? வளவின் வசம் யாரிடம்? இக்கரையோரத்தில் வளவு வாப்பாவின் பெயரால் வழங்குவது குறைவு. உம்மாவுக்கு அவள் பெற்றோர் கொடுத்தது அது. அவளிடமிருந்து மகளுக்குப் போகவிருப்பதும் அதுவே. உறுதி எழுதப்படும் நாள்வரை வேலி கடக்கும் மச்சான் அத்துமீறுபவன். எழுதப்பட்ட மறுநாள் அவன் அந்த வீட்டின் மாப்பிள்ளை. அப்பொழுதும் அவன் உரிமையாளன் அல்லன். மனைவியின் அனுமதியால் குடியிருப்பவன். இரவில் வேலியால் வந்தவனும் பகலில் வாசலால் வந்தவனும் சட்டத்தின் முன் ஏறத்தாழ ஒரே தரத்தினர் என்ற இந்த முடிவைக் கேட்டால் ஊரின் மாப்பிள்ளைமார் வருந்தக்கூடும். ஊரின் மாமிமார் வியக்கமாட்டார்கள்.

அடுத்தது வாக்குறுதி வழக்கு. கைவிடப்பட்ட பெண்ணின் முறைப்பாடு கவிகளில் மிகுதி. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம், எழுத்தில் அமையாத திருமண வாக்குறுதியை மீறியதற்காக நட்டஈடு கோர முடியாது என்கிறது. சில கடிதங்கள் இவ்வாறான எழுத்து ஆகுமா என்ற வழக்கொன்று 1959இல் கோமறைக் கழகம்வரை சென்றது. முஸ்லிம் திருமணங்கள் அக்கட்டளைச் சட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. எனினும் அது காட்டும் மனப்பாங்கு நாட்டின் சட்டமுறை முழுவதற்கும் பொதுவானது: வாய்ச்சொல் காற்று, எழுத்தே செயல். வயலுக்கும் வளவுக்கும் இடையே சென்ற சொல் எத்தனை உறுதியாயினும், அதற்குக் கையொப்பம் இல்லை. கேரளத்து மாப்பிள்ளைமாரிடையே 1970களில் எஸ்.ஏ. ஜமீலின் துபாய்க் கத்துப்பாட்டுகள் பரவின. வளைகுடாவிலிருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதம் என்ற வடிவிலேயே அவை அமைந்தன. அவையேனும் எழுத்து என்ற தகுதிக்கு உரிமை கொண்டாடலாம். நமது கவி அதற்கும் வழியற்றது.

இவ்விடத்து, வாய்ச்சொல்லைச் சட்டம் செவிமடுத்த ஒரு காலமும் இருந்தது என்பதைக் குறிப்பிடல் வேண்டும். 1895ஆம் ஆண்டின் சத்தியக் கட்டளைச் சட்டம், ஒரு தரப்பினர் தமது மதத்தார் மதிக்கும் முறையில் சத்தியம் செய்ய இணங்கி, மறுதரப்பினர் அதற்குக் கட்டுப்பட ஒப்பினால், அவ்வாறு செய்யப்பட்ட சத்தியத்தை முடிவான சான்றாகக் கொள்ள இடமளித்தது. கோயில் வாசல்களிலும் பள்ளிவாசல்களிலும் வழக்குகள் இவ்வாறு முடிந்தன. கவிகளில் பெண், மச்சானைச் சத்தியத்துக்கு அழைப்பது வெற்றுக் கவிதை மரபன்று என்று இதனால் கருதலாம். அவள் நாட்டின் நடைமுறைச் சட்டத்தின் ஒரு வாயிலைத் தட்டுகிறாள். கவிதை என்றதும் உணர்ச்சி என்று மட்டும் காணும் ரசிகர்கள் அவளுடைய சட்ட அறிவைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள்.

இனி வீடு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகளைத் தடுத்தற் கட்டளைச் சட்டத்தின்படி, காணியையோ வீட்டையோ உடைமை மாற்றுவதற்கு எழுத்து வேண்டும். அதில் உரியவர் கையொப்பம் வேண்டும். பிரசித்த நொத்தாரிசு முன்னிலை வேண்டும். இரு சாட்சிகளும் வேண்டும். 1840 தற்செயலான ஆண்டன்று. அதே ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படா நிலமும் மறுப்புக்குச் சான்று காட்டப்படாதவரை முடிக்குரியவை என்று அனுமானித்தது. பெருந்தோட்ட மூலதனத்துக்கு நிலம் தங்குதடையின்றி விற்று வாங்கத்தக்க பண்டமாக வேண்டியிருந்தது. பண்டமாவதற்கு நிலம் முதலில் காகிதமாதல் வேண்டும். ஆகவே ஓர் உம்மா தன் மகளுக்குத் தாலாட்டிலேயே வீடும் வளவும் கிணறும் தென்னையும் கொடுத்துவிட்டாலும், மலைநாட்டுக் கோப்பித் துரைமாரின் தேவைக்கென வகுக்கப்பட்ட விதியொன்று அத்தாலாட்டைச் செல்லாததாக்கிவிடுகிறது.

ஆயின் இக்கரையோர மக்கள் அந்த விதியின் முன் வாளாவிருக்கவில்லை. இவர்களுடைய உண்மையான நகைச்சுவை இங்கேதான் வெளிப்படுகிறது. அது பாடலைச் சட்டமாக வாசிக்கும் நமது நகைச்சுவையினும் நுட்பமானது. முஸ்லிம்களுக்குரிய வாரிசுரிமையில் மகனின் பங்கு மகளின் பங்கைப்போல் இருமடங்கு. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் உயிலில் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும் இதனையே ஏற்றது. ஆனால் வாரிசுரிமை செயற்படுவதற்கு, இறந்தவரிடம் எஞ்சிய சொத்து வேண்டும். கல்முனைக் கரையோரப் பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே வீடுகளை மகள்மாருக்கு நன்கொடை உறுதியாக எழுதிவிடுகின்றனர். மூத்த மகளுக்கு மணமானதும் அவள் வீட்டைப் பெறுகிறாள். பெற்றோர் இளையவளுக்கான வீட்டைக் கட்டி அதற்குப் பெயர்கிறார்கள், அல்லது வளவின் ஓரத்தில் சிறு குடிலில் ஒதுங்குகிறார்கள். மௌத்தாகும் வேளையில் பங்கிடுவதற்குப் பெரிதாக ஒன்றும் எஞ்சுவதில்லை. ஒரு விதியையும் மீறாமல், ஒரு மார்க்கக் கட்டளையையும் மறுக்காமல், இருமடங்கை ஒன்றுமில்லாததன் இருமடங்காக்கிவிட்டார்கள். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான இந்தத் தாய்வழிச் சீதன முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

இதற்கு முன்னொரு வரலாறுண்டு. மட்டக்களப்பு முக்குவரின் தாய்வழி வாரிசுரிமை விதிகளைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். அதே 1876இல் நிறைவேறிய 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவ்விதிகளை வழக்கொழியச் செய்தது. தொகுப்பும் இரங்கலும் ஓராண்டில் நிகழ்ந்தன எனலாம். முஸ்லிம்கள் அக்கட்டளைச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றார்கள். முக்குவர் சட்டம் ஏட்டில் மடிந்த பின்னும் அதன் உள்ளீடு, நொத்தாரிசின் மேசைமீது நன்கொடை உறுதியாக மறுபிறவி எடுத்துக்கொண்டது. எந்தக் காகிதம் வழமையை அழிக்க வந்ததோ அந்தக் காகிதத்தையே வழமை தன் காவலுக்கு அமர்த்திக்கொண்டது. 1931ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே கூறப்பட்டாலன்றி, நன்கொடை மீளப்பெற முடியாததாகக் கருதப்படமாட்டாது. ஷாபிஈ மத்ஹபின்படி பிள்ளைக்குக் கொடுத்ததைத் தந்தை திரும்பப் பெறலாம். எனவே நொத்தாரிசின் அந்த ஒற்றைச் சொற்றொடரில் மகளின் வீடு தங்கியிருக்கிறது.

இதுவரை கூறியதிலிருந்து, பெண்ணரசு நிலவும் கரையொன்றைக் கண்டுவிட்டதாக எவரும் மகிழ வேண்டாம். நாட்டார் வழக்காற்றை எழுதுவோரில் ஒரு சாராருக்கு இந்த ஆசை உண்டு. வீட்டின் உறுதி பெண்ணின் பெயரில் இருப்பது வேறு. வீட்டைக் கட்டும் உழைப்பை யார் சுமக்கிறார் என்பது வேறு. நான்கு பெண்மக்களைப் பெற்ற போடியார் நான்கு வீடு எழுப்பினார். நான்கு பெண்மக்களைப் பெற்ற நெசவாளி கடனாளியானார். சகோதரர்களின் மணங்கள் தள்ளிப்போயின. 1970களின் பிற்பகுதி தொட்டு வளைகுடா நாடுகளுக்குச் சென்றோரின் உழைப்பில் பெரும்பகுதி இவ்வீடுகளின் சுவராயிற்று. பின்னர் பெண்களே பணிப்பெண்களாகச் சென்று தமது சீதன வீட்டைத் தாமே கட்டிக்கொண்டார்கள். உடைமையின் வடிவம் தாய்வழியினது. அதனை ஈட்டும் உற்பத்தி உறவு முதலாளித்துவச் சந்தையினது. வளவுகள் மகளுக்கு மகள் துண்டாடப்பட்டு, கூரையோடு கூரை உரசும் நெருக்கம் உண்டான இவ்வூர்களின் தோற்றத்திலேயே இம்முரண்பாட்டைக் கண்ணால் காணலாம்.

வீட்டோடு கைக்கூலியும் உண்டு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியை வரையறுத்துள்ள விதம் நகைச்சுவை எழுத்தாளர் எவரையும் பொறாமைப்படச் செய்யும். மணமகளின் பாவனைக்கென மணமகனிடம் அவளுடைய உறவினரோ பிறரோ கொடுக்கும், அல்லது கொடுப்பதாக வாக்களிக்கும், பணமோ அசையும் ஆதனமோ கைக்கூலி. மணமகன் வாங்குவதில்லை, மணமகளுக்காக ஏந்திநிற்கிறான். சட்டத்தின் இலக்கணப்படி அவன் நம்பிக்கைப் பொறுப்பாளன். மனைவி பின்னர் காதியிடம் அதனைக் கோரலாம். அச்சட்டத்தின் மெச்சத்தக்க பகுதி அது. ஆனால் வரையறை அசையும் ஆதனத்தோடு நின்றுவிடுகிறது. காசு காதியிடம்; வீடு மாவட்ட நீதிமன்றில். ஒரே கலியாணப் பேச்சில், ஒரே பாயில் இருந்து, ஒரே வெற்றிலைத் தட்டின்மேல் பேசப்பட்டவை இரண்டும் சட்டத்தின் முன் இருவேறு உலகத்தவை. காதி நீதிமன்றில் கட்சிக்காரருக்காகத் தோன்றச் சட்டத்தரணிகளுக்கு அச்சட்டம் இடமளிக்கவில்லை. கவியின் நாயகி காதியிடம் சென்றிருந்தால், அவளுடைய பாடல்களையெல்லாம் சேகரித்த சட்டத்தரணி முத்துமீரானாலும் அவளுக்காக எழுந்து நிற்க இயன்றிராது.

இப்போது மாமியிடம் திரும்பலாம். விண்ணப்பம் தவறான தரப்புக்கு என்று எழுதுவினைஞர் கூறியதற்குக் காரணம், 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாமிக்கு இடமில்லை என்பதே. மணமகளின் சார்பில் பேசுபவர் வலீ. அவர் ஆண், பெரும்பாலும் தந்தை. திருமணப் பதிவில் மணமகன் கையொப்பமிடுவார், வலீ கையொப்பமிடுவார், நிக்காஹை நடத்தியவர் கையொப்பமிடுவார். மணமகளின் கையொப்பத்தை அச்சட்டம் வேண்டவில்லை. தாய்வழிக் குடியில் பிறந்து, தாயின் வளவில் வளர்ந்து, தாயின் வீட்டைத் தன் பெயரில் எழுதி வாங்கப்போகும் பெண், அவ்வுறுதியில் நன்கொடையை ஏற்றுக் கையொப்பமிடலாம். தன் திருமணத்துக்கு இடுவதற்கு அவளுக்கு வரியொன்று வகுக்கப்படவில்லை. கவியில் அவள் மறுக்கிறாள், ஏற்கிறாள், கேலி செய்கிறாள், கெடு விதிக்கிறாள். வேறெந்தப் பதிவிலும் காணக் கிடையாத அவளது சம்மதம் அங்கே மட்டும் நான்கடியில் நிற்கிறது. கவியை அகத்திணை மரபின் எச்சம் என்று விளக்கும் ஆய்வுகளில் உண்மை உண்டு. ஆனால் அவ்விளக்கத்தோடு நிறுத்திக்கொண்டால், இருபதாம் நூற்றாண்டின் நடுவிலும் ஒரு பெண்ணின் விருப்பம் பதிவேறுவதற்குப் பாடலைத் தவிர வேறிடம் ஏன் இருக்கவில்லை என்ற வினா எழாமலே போய்விடும். நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைக்கப்பட்ட சீர்திருத்தக் குழு 2018இல் அறிக்கை கையளித்தது. மணமகளின் கையொப்பம் அதையொட்டிய விவாதங்களில் முக்கியமான ஒன்றாயிற்று. முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் நீதிமன்றுக்கும் அரசுக்கும் உரைத்த வாதங்களில் புதுமை காண்போர், அவற்றின் முன்வரைவைக் கவித்தொகுதிகளில் தேடிப் பார்க்கலாம்.

வீடு பெண்ணுடையது என்ற ஊரறிந்த உண்மை, நெருக்கடி வேளையில் அரசின் கண்ணுக்குப் புலப்படவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோள் நாட்டில் வேறெந்த மாவட்டத்தையும்விட அம்பாறையிலேயே அதிக உயிர்களைக் கொண்டது; பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோரத் தெருக்கள் தரைமட்டமாயின. வடக்கிலும் கிழக்கிலும் கடற்கரையிலிருந்து 200 மீற்றர்வரை மீளக் கட்டத் தடை என்று முதலில் அறிவிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் அத்தடை 100 மீற்றர். தடைப்பட்ட நிலத்தில் அழிந்தவை பெரும்பாலும் பெண்களின் வீடுகள். ஆனால் நிவாரணமும் மாற்று வீடும் 'குடும்பத் தலைவர்' என்ற நிரலின் வழியே வந்தன. நிரலில் நிரப்பப்பட்டது பெரும்பாலும் கணவனின் பெயர். உம்மாவிடமிருந்து மகளுக்கு இறங்கிய உறுதி கடலோடு போயிற்று. படிவத்தின் வழியாக மாப்பிள்ளை முதன்முறையாக வீட்டுக்காரன் ஆனான். இதில் அதிகாரிகளின் தீய நோக்கத்தைத் தேட வேண்டியதில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், கல்லோயா போன்ற குடியேற்றங்களில் வழங்கிய காணிகளுக்கு, பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாதவிடத்து மகள்மாருக்கு முன்னர் மகன்மாரை நிறுத்தும் அட்டவணையையே கொண்டிருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தமே அதனை மாற்றியது. அம்பாறையின் உட்பகுதியில் அரசு வகுத்த குடும்பத்தையும் கரையோரத்தில் மக்கள் வகுத்த குடும்பத்தையும் பிரித்தது சில மைல் வயல்வெளியே. அரசின் படிவம் முதலாவதை மட்டுமே அறிந்திருந்தது.

கடைசி வழக்கு கவியின் உடைமை பற்றியது. இதில் வாதி கவியே. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நாட்டார் வழக்காற்றின் வெளிப்பாடுகளைப் பாதுகாக்கிறது. வழக்காறு வாழும் சூழலுக்கு வெளியே, வணிக நோக்கில் அவற்றைப் படியெடுக்கவோ பரப்பவோ அனுமதி பெறல் வேண்டும். கட்டணமும் செலுத்தல் வேண்டும். அனுமதி அளிப்பது அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரசபை. பணம் பண்பாட்டு அபிவிருத்திக்கு. மச்சானிடம் வழக்காடத் தகுதியற்ற சொல், திருமணப் பதிவில் இடம்பெறாத சொல், வீட்டை மாற்றவியலாத சொல், இவ்வாறு ஒருநாள் விலைமதிப்புள்ள ஆதனமாகிவிட்டது. அதன் பயனைப் பெறுவோர் நிரலில் பாடியவள் மட்டும் இல்லை.

தொகுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கத் தோன்றுகிறது. அச்சேறிய தொகுதிகளில் கவிகள் காதல், தொழில், தாலாட்டு, ஒப்பாரி எனப் பொருள்வாரியாக வகுக்கப்பட்டுள்ளன; பாடியவரைப் பற்றிய குறிப்பு அரிது. இனிவரும் கள ஆய்வாளர்கள் மூதாட்டியரிடம் பாடலைப் பதிவு செய்யும்போது, அவர்கள் இசைந்தால் இன்னும் சில கேள்விகளையும் கேட்கலாம்: இருக்கும் வீடு யார் கொடுத்தது, எந்த ஆண்டில் உறுதி முடிந்தது, கட்டியவர் யார், கடன் யாருடையது, அந்தக் கலியாணத்துக்கு முன் அவர் யாரை நினைத்து எந்தக் கவியைப் பாடினார். கடைசிக் கேள்விக்கு விடை சொல்லாமல் அவர்கள் சிரிக்கக்கூடும். அந்தச் சிரிப்பையும் குறித்துக்கொள்ளலாம்.